விலக்கு உணவுக்கா, உண்பவனுக்கா?

கல்லூரிகள் திறக்கும் பருவம் வந்துவிட்டால், புதுவை நகரை ஒட்டிய கதிர்காமத்தில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் காணலாம். கதிர்காமம் என்றதும் ஈழத்துத் திருத்தலத்தை நினைப்போர் உண்டு. நாம் குறிப்பது உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த புதுவைக் கதிர்காமத்தை. 2010ஆம் ஆண்டில் இங்கே இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அன்று முதல் நாலா திசையிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் ஊராக இது விளங்குகிறது.

புதுவை மாநிலம் தொடர்ச்சியான ஒரு நிலப்பரப்பன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன நான்கு துண்டு நிலங்கள் ஒரு பெயரின்கீழ்க் கூடியிருக்கின்றன. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் மண்ணில் உள்ளன. மாஹி, மலையாளம் வழங்கும் மேலைக் கடற்கரையில் உள்ளது. ஏனாம், தெலுங்கு வழங்கும் கோதாவரிக் கரையில் உள்ளது. நான்கு பகுதியாருக்கும் இடம் ஒதுக்கியே மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது. எனவே, காரைக்கால் மரைக்காயர் வீட்டுப் பிள்ளையும், மாஹியின் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளையும், ஏனாத்துத் தெலுங்குப் பிள்ளையும், புதுவைக் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளையும், ஊன் உண்ணாத சைவ வீட்டுப் பிள்ளையும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கவும், ஒரே கூடத்தில் உண்ணவும் நேர்கிறது.

பிள்ளையை விட்டுச் செல்லும் தாய் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "சாப்பாடு எப்படி?" என்பதே அவள் கேள்வி. நம் வீட்டுத் தாய் அதனோடு "ஹலால்தானா?" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வாள். அருகில் நிற்கும் சைவக் குடும்பத்துத் தாய், "தனியாகச் சமைப்பார்களா?" என்பாள். இவை அடுப்பங்கரைக் கேள்விகளாகவே தோன்றும். ஆயினும், வேறுபட்டோர் கூடி வாழும் ஓரிடத்தின் அறம் முழுவதும் இவற்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது. சேர்ந்து வாழ வந்தவர்கள் சேர்ந்து உண்ணத்தான் வேண்டுமா? ஒருவன் தன் நெறியின் பொருட்டு ஓர் உணவை விலக்கினால், அதை உண்கின்றவனை அவன் இழிவுபடுத்தியவன் ஆவானா? எந்த விலக்கை விடுதி மதித்துக் காக்க வேண்டும்? எந்த விலக்கை வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும்?

இக்கேள்விகளுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. "எல்லாரும் ஒரே உணவை ஒரே பந்தியில் உண்ண வேண்டும், மாட்டாதவன் வரவேண்டியதில்லை" என்பது ஒன்று. கேட்பதற்குச் சமத்துவம் போல இனிக்கும் இவ்விடையில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த 'ஒரே உணவு' எது என்பதை ஆள் பலம் மிக்கவரே முடிவு செய்வர். சிறு தொகையினர் தம் நெறியை விட வேண்டும், அல்லது படிப்பை விட வேண்டும். "அவரவர் வழக்கம் அவரவர்க்கு, தனித்தனிப் பந்தி போட்டுவிட்டால் தகராறே இல்லை" என்பது மற்றொன்று. பெருந்தன்மையாகத் தோன்றும் இவ்விடைக்குள் என்ன ஒளிந்திருக்கக்கூடும் என்பதைத் தமிழகம் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் மிகுந்த வேதனையோடு கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றுக்கும் நம் புதுவைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்னும் வ.வே.சு. ஐயர் இலண்டனில் சட்டம் பயின்றவர்; ஆங்கில அரசை எதிர்த்த புரட்சியாளரோடு சேர்ந்தவர். பிடிபடாமல் தப்பிக் கடல் கடந்து 1910ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புதுவைக்கு வந்து சேர்ந்தார். அவர் மேற்கொண்ட மாறுவேடம் எது தெரியுமா? ஒரு முஸ்லிமின் வேடம்! அந்த உடையே அவரைக் காத்துக் கரை சேர்த்தது. பாரதியாரும் அரவிந்தரும் வாழ்ந்த அதே புதுவையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் தங்கினார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவராகவும் பெயர் பெற்றார். கற்றவர், துணிந்தவர், நாட்டுக்காக எதையும் இழக்க ஆயத்தமாயிருந்தவர் என்பதில் அவரை எதிர்த்தவர்களுக்கும் ஐயம் இருந்ததில்லை.

அத்தகையவர் 1922ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையில் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் அது நிலைபெற்றது. பல சாதிப் பிள்ளைகளும் ஆசிரியரோடு உடன் தங்கிக் கல்வியும் கைத்தொழிலும் நாட்டுப்பற்றும் பெறவேண்டும் என்பது நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, அதில் 5,000 ரூபாயைக் கொடுத்தது. இந்நிலையில், அங்கே பிராமணச் சிறுவர் ஓரிருவர்க்கு மட்டும் உணவு தனியே வைக்கப்படுகிறது என்ற செய்தி வெளிவந்தது. இரு பிரிவினர்க்கும் தண்ணீர்ப் பானையும் தனித்தனி என்றும், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் தனக்குரியதல்லாத பானையில் நீர் பருகியதற்காகத் தண்டிக்கப்பட்டான் என்றும் பெரியார் தரப்பில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அந்த ஓமந்தூராரே பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானவர்.

1924லும் 1925லும் இச்செய்தி தமிழகத்தைக் கலக்கியது. டாக்டர் வரதராஜுலு நாயுடு எழுதியும் பேசியும் போராடினார். காங்கிரஸின் செயலாளராயிருந்த பெரியார் எஞ்சிய தொகையைத் தர மறுத்தார். காந்தியடிகள் இணக்கம் காண முயன்றார்: முன்னரே வாக்களிக்கப்பட்ட சிறுவர்க்கு மட்டும் தனியுணவை விட்டுவைத்து, இனிச் சேர்வோர் யாவரும் உடன் உண்ண வேண்டும் என்பது அவர் கூறிய வழி. எவரும் நிறைவடையவில்லை. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர் துறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பின் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய பெரும் பிளவுக்குக் காரணமானவற்றுள் ஒரு விடுதியின் சாப்பாட்டுப் பந்தியும் ஒன்று.

ஐயர் தீயவரல்லர், பிறரோடு உடனிருந்து உண்பதில் அவருக்குத் தடையும் இருந்ததில்லை. அப்படியிருக்க அவர் ஏன் அந்தத் தனிப்பந்தியை விட்டுக்கொடுக்கவில்லை? தம் பிள்ளைகளைத் தனியே உண்பிக்க வேண்டும் என்று சில பெற்றோர் கேட்டனர், அவர் வாக்களித்துவிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பது பெரியோர் இயல்பு என்பது அவர் தரப்பு. இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். வாக்குக் காத்தல் உயர்ந்த அறமே. ஆயினும், அந்த வாக்கின் விலையை யார் கொடுத்தார்கள்? வாக்களித்த ஐயர் கொடுக்கவில்லை. வாக்குப் பெற்ற பெற்றோரும் கொடுக்கவில்லை. பந்திக்கு வெளியே அமர்த்தப்பட்ட சிறுவர்கள் கொடுத்தார்கள். மூன்றாம் மனிதனின் மானத்தை எடுத்து இருவர் தம்முள் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு வாக்கு என்னும் பெயர் பொருந்தாது. அப்படிப்பட்ட வாக்கைக் கொடுக்கும் உரிமையே எவருக்கும் இல்லை.

சேரன்மாதேவி தனித்து நிகழ்ந்த விபத்தன்று. அக்காலச் சென்னையில் கல்லூரிக்கு வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்க இடமும் உண்ண உணவும் கிடைப்பது அரிதாயிருந்தது. அதனால் டாக்டர் சி. நடேச முதலியார் 1916ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் விடுதியை ஏற்படுத்தினார். படிக்க வந்த பிள்ளைக்கு ஓர் இலை போட மறுத்த சமூகம், அதற்குரிய விலையை அரசியலில் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி நம் கேள்விக்கு வருவோம். சேரன்மாதேவியில் நிகழ்ந்தது தவறு என்றால், கதிர்காமத்து விடுதியில் நம் பிள்ளை ஹலால் அல்லாத இறைச்சியை ஒதுக்கி வைப்பதும் தவறாகுமா? சைவப் பிள்ளை தனிக் கரண்டி கேட்பதும் அதே குற்றமா? இரண்டும் விலக்குதானே என்று சிலர் வாதிடுவர். இரண்டும் விலக்கே, ஆனால் அவை விழும் இடம் வேறு. ஒன்று உணவின்மேல் விழுகிறது. மற்றொன்று உண்பவன்மேல் விழுகிறது.

உணவின்மேல் விழும் விலக்கு, விலக்குகின்றவனையே கட்டுப்படுத்துகிறது. "இது எனக்கு ஆகாது" என்று சொல்பவன் தன் நாவை அடக்குகிறான். தன் பசியைப் பொறுக்கிறான். பக்கத்திலிருப்பவன் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. உண்பவன்மேல் விழும் விலக்கோ விலக்குகின்றவனுக்கு எந்தச் செலவும் வைப்பதில்லை. செலவு முழுவதும் விலக்கப்பட்டவனுக்கே. முன்னதற்கு நோன்பு என்றும் ஒழுக்கம் என்றும் பெயரிடலாம். பின்னதற்குத் தீண்டாமை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

முன்னதற்கு நபிபெருமானாரின் வாழ்விலேயே அழகான சான்று இருக்கிறது. ஒருமுறை அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் விரிக்கப்பட்ட உணவு விரிப்பில் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது தடுக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். தடையில்லை என்றும், தம் சமூகத்தார் நிலத்தில் அது இல்லாமையால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றும் கருத்துப்பட அண்ணலார் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்துவைத்து உண்டார்கள், அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலக்கியவர் எழுந்து போகவில்லை. உண்டவர் ஒதுங்கி உண்ணவில்லை. ஒரே விரிப்பில் ஒருவர் விலக்கவும் மற்றவர் உண்ணவும் இடமிருந்தது.

நம் சமுதாயத்துக்குள்ளேயே இதைக் காணலாம். மீன் வகையைச் சேராத கடல்வாழ் உயிர்களை ஹனபி மத்ஹபினர் தவிர்ப்பர். ஷாபிஈ மத்ஹபினருக்குக் கணவாய் தடையில்லை. உள்நாட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளையும் கடற்கரை மரைக்காயர் வீட்டுப் பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்தால், ஒருவன் கணவாய்க் குழம்பை வாங்கிக்கொள்வான். மற்றவன் வேண்டாம் என்பான். அதன்பின் இருவரும் ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுவார்கள். கணவாய் உண்டவன் தீட்டுப்பட்டவன் என்று எந்த ஹனபியும் கருதியதில்லை.

விடுதி வாழ்க்கை இஸ்லாத்திற்குப் புதியதுமன்று. மதீனத்துப் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணையில் தங்கிக் கல்வி பயின்ற ஏழைத் தோழர்களை நாம் 'திண்ணைத் தோழர்கள்' என்கிறோம். யமன் நாட்டிலிருந்து வந்த அபூஹுரைரா (ரலி) அவர்களில் ஒருவர். வீடு வாசலற்றவர்களும், பல குலத்தைச் சேர்ந்தவர்களும் அங்கே ஒன்றாய் உறைந்தனர். ஒருநாள் கடும் பசியோடிருந்த அபூஹுரைராவை, வந்திருந்த ஒரு கோப்பைப் பாலைக் காட்டி, திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்துவரச் சொன்னார்கள் நபியவர்கள். ஒரு கோப்பை, பல வாய்கள். ஒவ்வொருவராகப் பருகிப் பசி தீர்ந்தனர். பின்னர் அபூஹுரைரா (ரலி) பருகினார்கள். எல்லாரும் பருகி மிஞ்சியதை இறுதியில் அண்ணலார் பருகினார்கள்.

தலைவர் முதலில் அருந்தி மிச்சத்தை மற்றவர்க்குத் தருவதே உலக வழக்கம். இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் இதை ஒரு சட்டமாகவே வகுத்திருக்கின்றன: மனிதன் பருகி மிஞ்சிய நீர் தூய்மையானது, அவன் எந்தச் சமயத்தவனாயினும் சரியே. எச்சில் தீட்டு என்பதற்கும், தனிக் குவளை தனிப் பானை என்பதற்கும் ஷரீஅத்தில் இடமில்லை. ஹலாலைப் பேணும் அதே மார்க்கம்தான் பக்கத்திலிருப்பவன் வாய்வைத்த குவளையைத் தூய்மையானது என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிக்காவிட்டால் நம் பிள்ளைக்குப் பாதி மார்க்கத்தையே கற்பித்தவர்களாவோம்.

"சரி, கோடு தெளிவாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் உணவின்மேல் உள்ள வெறுப்பு மெல்ல மெல்ல உண்பவன்மேல் படருமல்லவா?" என்று அறிவுடையோர் கேட்கக்கூடும். நியாயமான அச்சமே. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஓர் உணவுக்கூடத்தில், சைவர்க்கும் அசைவர்க்கும் தனித்தனி வாயில்களையும், கை கழுவத் தனித்தனித் தொட்டிகளையும் குறித்து அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் அவை அகற்றப்பட்டன. தனிச் சமையல் உணவைப் பற்றியது; தனிக் கரண்டியும் உணவைப் பற்றியதே. ஆனால் வாயில் எதைப் பற்றியது? வாயிலில் நுழைவது உணவன்று, மனிதன். கை கழுவும் தொட்டியில் எச்சத்தைக் காண அருவருப்பு என்று எவரேனும் சொல்லலாம். தொட்டியைக் கழுவினால் தீரும் குறை அது. வாயிலுக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

ஆகவே, கோட்டைக் கண்டுகொள்ள எளிய அளவுகோல் ஒன்று வேண்டும். உணவை மாற்றிப் பார்ப்பதே அந்த அளவுகோல். "பக்கத்திலிருப்பவன் இன்று நீ உண்பதையே உண்கிறான் என்று வைத்துக்கொள். இப்போது அவனருகில் அமர்வாயா?" என்று விலக்குகின்றவனைக் கேட்க வேண்டும். அமர்வேன் என்றால் அவன் விலக்கு உணவைப் பற்றியது. விடுதி அதை மதிக்கட்டும். அப்போதும் அமர மாட்டேன் என்றால் அவன் விலக்கு மனிதனைப் பற்றியது. விடுதி அதற்கு ஓர் அங்குலமும் இடம் தரலாகாது. சேரன்மாதேவியை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். தண்ணீரில் சைவமும் இல்லை, அசைவமும் இல்லை. அங்கே பானை இரண்டாக இருந்தது என்றால், விலக்கு எதன்மேல் என்பதை அந்தப் பானையே சொல்லிவிடுகிறது.

அளவுகோல் கிடைத்துவிட்டது. ஆயினும் வேலை முடியவில்லை. மதிக்கத்தக்க விலக்குகளின் சுமையை யார் சுமப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. புதுவையிலேயே இருவேறு முறைகளைக் காணலாம். அரவிந்தர் ஆசிரமம் 1943ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியில் நாட்டின் பல பகுதிப் பிள்ளைகள் பயின்று வந்திருக்கின்றனர். ஆசிரமத்தின் பொது உணவுக்கூடத்தில் யாவர்க்கும் ஒரே சைவ உணவு. எவர் நெறிக்கும் பெரிதாக இடறாத உணவைப் பொதுவாக்கிக்கொள்வது ஒரு முறை. தானே தேர்ந்து வரும் ஒரு கூட்டத்துக்கு இது பொருந்தும். அரசு விடுதியில் எல்லாரும் ஒரு சாராரின் உணவை ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், நாம் முதலில் கண்ட ஆபத்தே தலைகாட்டும்.

காலாப்பட்டிலுள்ள நவோதயா பள்ளி மற்றொரு வகை. கிராமப்புறப் பிள்ளைகளை முதன்மையாகக் கருதி நாடெங்கும் நிறுவப்பட்ட உறைவிடப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவரை இந்தி வழங்கும் மாநிலங்களுக்கும் வழங்காத மாநிலங்களுக்கும் இடையே ஓராண்டு மாற்றியனுப்பும் திட்டம் அப்பள்ளிகளுக்கு உண்டு. சோற்றுக்குப் பழகிய பிள்ளை ரொட்டிக்கும், ரொட்டிக்குப் பழகிய பிள்ளை சாம்பாருக்கும் பழக வேண்டும். பதினான்கு வயதில் பிறர் சமையலை உண்டு ஓராண்டு வாழ்ந்தவனுக்கு, "என் வீட்டு உணவுதான் உணவு" என்ற எண்ணம் தானே கரையும். பழக்கத்தை விட்டுக்கொடுக்க இத்திட்டம் பயிற்சி தருகிறது. பழக்கம் வேறு, நெறி வேறு என்பதையும் பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்வார்கள். உறைப்புக் குறைவு என்பது பழக்கம். அறுப்பு முறை என்பது நெறி. முன்னதற்காக அடம்பிடிப்பவன் பின்னதற்கான மரியாதையையும் இழந்துவிடுவான்.

நோன்புக் காலம் இச்சுமையை வெளிப்படையாகக் காட்டும். ரமலான் ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னேறி வருவது. எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. 2001ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ முழுவதும் கார்த்திகை மாதத்தோடு ஒன்றி வந்தது. ஒரு விடுதியில் நம் பிள்ளை ஸஹருக்காக வைகறைக்கு முன் எழுவான்; அடுத்த அறையில் ஐயப்பனுக்கு மாலையிட்ட பிள்ளை அதே வேளையில் குளிர்ந்த நீரில் குளிக்க எழுவான். கிறித்தவப் பிள்ளைக்குத் தவக்காலம் வேறொரு பருவத்தில் வரும். மூவரும் தம் நாவை அடக்குகின்றனர். மூவரும் தம் நோன்பின் சுமையைத் தாமே சுமக்க வேண்டும். ஸஹருக்கு எழுபவன் விளக்கைப் போட்டுத் தேர்வுக்குப் படித்து உறங்கும் தோழனை எழுப்பிவிடுவது நோன்பின் ஒழுக்கமன்று. அவ்வாறே, இரவு சமைத்ததில் ஒரு பங்கை மூடிவைத்து, ஒரு குடுவை வெந்நீரும் வைத்துவிட்டால் ஸஹர் நடந்துவிடும் என்னும்போது, அதையும் செய்ய மறுக்கும் காப்பாளர் நீதி செய்தவராகார். தன் நெறியின் சுமையைத் தோழன்மேல் ஏற்றாதிருப்பது மாணவன் கடன். சிறு ஏற்பாட்டால் தீரும் சுமையை மாணவன் தலையில் விட்டுவிடாதிருப்பது விடுதியின் கடன்.

இதுவரை பிறரிடம் கேட்கும் நீதியைப் பேசினோம். நம்மிடம் கேட்கப்படும் நீதி என்ன? திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, சென்னை நியூ காலேஜ், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என நம் முன்னோர் பொருள் கொடுத்து எழுப்பிய கலாசாலைகள் பல. அவற்றில் பிற சமயப் பிள்ளைகளும் பெருந்தொகையாகப் பயின்று வந்திருக்கின்றனர். நாம் பெரும்பான்மையாக இருக்கும் கூடத்தில் ஒரு சைவப் பிள்ளை தனிக் கரண்டி கேட்டால், "இவனுக்கு எவ்வளவு திமிர்" என்று நினைக்கிறோமா, அல்லது கதிர்காமத்தில் நம் பிள்ளை கேட்கும் அதே உரிமையை இவனும் கேட்கிறான் என்று உணர்கிறோமா? சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் நாம் கேட்கும் நீதிக்கு நாம் உண்மையானவர்கள்தாமா என்பது, பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில்தான் தெரியும்.

அதனினும் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் ஊர்களில் பலர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து கைபோட்டு உண்ணும் வழக்கத்தைப் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தக்க பெருமைதான். ஆனால் நாவிதர் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளையை அந்தச் சஹனில் நம் பிள்ளையோடு அமர்த்த எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் மனம் வந்ததுண்டா? பள்ளிவாசல் சஃப்பில் தோள் சேர்ந்தவர், வலீமா விருந்தில் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டதே இல்லையா? உணவை மாற்றிப் பார்க்கும் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். உணவு ஒன்றே, ஹலாலும் ஒன்றே, கலிமாவும் ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவரை ஒதுக்கினால் அந்த விலக்கு எதன்மேல் விழுகிறது? சேரன்மாதேவியைக் கண்டிக்கும் தகுதியை நாம் முதலில் நம் வீட்டுச் சஹனில் சம்பாதிக்க வேண்டும்.

விடுதி இதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. வீட்டில் பந்தியை விரிப்பவர் பெரியவர். அவர் வைத்த வரிசையில் பிள்ளை அமர்கிறான். விடுதியில் எங்கே, எவன் அருகில் அமர்வது என்பதைப் பிள்ளை தானே முடிவு செய்கிறான். அன்றாடம் மூன்று வேளையும் தட்டோடு கூடத்தில் நுழைந்து, காலியான நாற்காலிகளைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில் அவன் வளர்ப்பு வெளிப்படுகிறது. ஒரே மொழிக்காரர், ஒரே ஊர்க்காரர், ஒரே சமயத்தார் மேசைகளையே நாடி ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் பட்டத்தோடு திரும்பினால், பல மொழியாரும் பல நெறியாரும் கூடிய இடத்தில் அவன் இருந்தும் இல்லாதவனே. அதிலும் கதிர்காமத்துப் பிள்ளைகள் மருத்துவராகப் போகிறவர்கள். நாளை நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது, அக்கை எவ்வூர்க் கை, எக்குலத்துக் கை, எதை உண்ட கை என்று கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.

எனவே, பெட்டியைக் கட்டிக்கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். "ஹலாலைப் பார்த்துச் சாப்பிடு" என்று சொல்லுங்கள், சொல்ல வேண்டியதே. ஐயமான இறைச்சி என்றால் பருப்பும் காயும் போதும் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், "யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடு, உன் தட்டைக் கவனி, அடுத்தவன் தட்டை அளக்காதே, எவனாவது தனியாக உட்கார்ந்திருந்தால் அவனிடம் போய் உட்கார்" என்பதையும் சொல்லி அனுப்புங்கள். முதல் அறிவுரை பிள்ளையின் வயிற்றைக் காக்கும். இரண்டாவது அவன் ஈமானின் அழகைக் காக்கும். இரண்டையும் சுமந்து செல்லும் பிள்ளை, எந்த விடுதியின் கூடத்திலும் தன் நெறியை இழக்க மாட்டான். அவனருகில் அமர்ந்து உண்ணும் எவரும் தம் மானத்தை இழக்க மாட்டார்கள்.